இடது காதுத் தோடு

போன் அடித்தால் நாமெல்லாம் எடுத்துப் பேசுவோம். அவர் தோட்டைக் கழற்றுவார்.

இடது காதுத் தோடு மட்டும். கையைப் பின்னால் கொண்டுபோய்த் திருகாணியைத் திருக ஆரம்பிப்பார். பழைய காலத்துத் திருகாணி. எண்ணெய் ஏறி, இரண்டு விரலுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் போன் அடித்து ஓய்ந்துவிடும். அதற்காக அவர் பதறியதே கிடையாது. கழற்றிய தோட்டையும் திருகாணியையும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு காத்திருப்பார். மறுபடி அடிக்கும். அப்போது எடுத்து, தோடு இல்லாத அந்தக் காதில் வைத்து அழுத்திக்கொள்வார். கண் தானாக மூடும். அதற்கப்புறம் "ம்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து பெரிதாக ஒன்றும் வராது.

எல்லா அழைப்புக்கும் இந்த மரியாதை கிடையாது. கேஸ் சிலிண்டர்காரர், பேங்க்காரர்கள், கோவில் நன்கொடைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் வலது காதுக்குத்தான் வருவார்கள். வந்த வேகத்தில் திரும்பியும் போவார்கள். கனடாவில் இருக்கும் மகன் கூப்பிட்டால் மட்டும்தான் தோடு இறங்கும். எங்கள் தெருவுக்கே இது தெரியும். அவர் கை மூடியிருந்தால், "மகன் லைன்ல இருக்காரு, தொந்தரவு பண்ணாத" என்று பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இடது காது மந்தம். சின்ன வயதில் சீழ் வடிந்து போனது. நல்ல காது வலது.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி நான் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பொம்பளை சர்வீஸ் பண்ணுவாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஆட்களெல்லாம் இப்போது டிஸ்ப்ளே மாற்ற என்னிடம்தான் வருகிறார்கள். கடைக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்தால் மூன்றாவது வீடு அவருடையது. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் என்றதும் எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட, ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்துவார். "டீச்சர் இல்ல. ஆபீஸ்." கடைசியில் ஆபீஸம்மா என்று ஆகிவிட்டது. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய ஆபீஸ் ஓய்வு பெறவில்லை. கடையில் நாலு பேர் நின்றால் வரிசையில் நிற்கவைப்பார், அது என் கடை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எதைச் சொன்னாலும் பாதி கேட்டுவிட்டு, "சரி. அடுத்து?" என்பார். பக்கத்து வீட்டில் இழவு விழுந்த செய்தியை ஒருத்தி மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோதும் "அடுத்து?" என்று கேட்டு, அவள் விழித்ததை நானே பார்த்தேன். கல் நெஞ்சு என்று சொல்லிக்கொண்டு போனாள். ஆபீஸம்மா அதற்குள் இழவு வீட்டுக்குக் காப்பி போட ஃபிளாஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் முதன்முதலாகக் கடைக்கு வந்தது சண்டை போடத்தான். சின்ன பட்டன் போன் ஒன்றை மேஜையில் வைத்து, "இதுல சத்தம் பத்தல. என்னன்னு பாரு" என்றார். கழற்றி, இயர்பீஸ் வலையைப் பிரஷ்ஷால் துடைத்து, போட்டுப் பார்த்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"நல்லாத்தானம்மா இருக்கு."

இடது காதில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். அந்தக் காது மந்தம் என்பதையும் அவரே சொன்னார். நான் சிரித்துவிட்டேன். "அப்ப அந்தப் பக்கம் வச்சுப் பேசுங்க. காத மாத்துனா சரியாப் போச்சு. எதுக்கு என்கிட்ட குடுத்து மாத்துறீங்க?"

"ஏ புள்ள, போன ரிப்பேர் பண்ணச் சொன்னா காதுக்கு வைத்தியம் பாக்குற. முடியுமா, முடியாதா?"

வேறு போனில் இருந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிர்வு பலமாக இருக்கும், காதுக்குக் கூசும் என்று எச்சரித்தேன். வைத்துப் பார்த்தவர் முகம் அப்படியே தளர்ந்தது. கூசினால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வரும்போது கடையில் உட்கார்ந்து போவது வழக்கமாயிற்று. மகன் கூப்பிடுகிற நேரமும் அதுதான். அங்கே சனிக்கிழமை ராத்திரியாம். ஸ்டூலில் உட்கார்ந்து தோட்டைக் கழற்றுவார். "ம்... ம்... சாப்பிட்டியாப்பா... ம்..." அவ்வளவுதான் பேச்சு. முடிந்ததும் போனைக் காதிலேயே கொஞ்ச நேரம் வைத்திருப்பார். மெல்ல எடுப்பார். "என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏதோ குளிர் என்றான் என்பார், ஏதோ வேலை என்பார். அந்தப் பேச்சுக்கு மட்டும் அவர் "அடுத்து?" கேட்டதில்லை.

எனக்கு எரிச்சலாக இருக்கும். கடல் கடந்து இருக்கிற பிள்ளை வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறான், அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் என்ன? காது கொடுக்கத்தான் செய்தார், கேட்காத காதைக் கொடுத்தார்.

மகனுக்கும் அலுத்துப் போயிருக்க வேண்டும். ஒரு நாள் கூரியரில் பெரிய டேப்லெட் ஒன்று வந்தது. கூடவே ஸ்டாண்டு. கடை போர்டில் இருந்த நம்பரை யாரிடமோ வாங்கி எனக்கே வாட்ஸப்பில் பேசினார். "சிஸ்டர், நீங்கதான் செட் பண்ணித் தரணும். நான் கூப்பிட்டா அதுவா எடுத்துக்கணும். அம்மா ஒண்ணும் தொட வேண்டாம். எனக்கு அவங்க மொகத்தப் பாக்கணும்."

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். சமையலறை அலமாரியில் வைத்து எல்லாம் சரிசெய்து கொடுத்தேன். முதல் அழைப்பு வந்தபோது நானும் கூட இருந்தேன். ஆபீஸம்மா எதிரே நாற்காலி போட்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். திரையில் மகன் சிரித்தார், முன்தலை வழுக்கை, கண்ணாடி. குரல் கணீரென்று கூடம் வரைக்கும் கேட்டது. அம்மாவும் ஒழுங்காகப் பதில் சொன்னார். எல்லாம் பிரமாதம்.

முடிந்ததும் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். தோடு காதிலேயே இருந்தது.

"என்னம்மா, பையன் பளிச்சுன்னு தெரியிறாருல்ல?"

"படம் வருது தாயி. பையன் வரல."

அடுத்த மாதமெல்லாம் டேப் ரிப்பேர் டேப் ரிப்பேர் என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தால் ஒரு தடவை பிளக் பிடுங்கியிருக்கும். ஒரு தடவை மேலே துண்டு போட்டு மூடியிருக்கும். இன்னொரு தடவை சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார், கேட்டால் பல்லி தட்டிவிட்டது என்றார். மகன் வேறு வழியில்லாமல் பழையபடி பட்டன் போனுக்கே கூப்பிட ஆரம்பித்தார். தோடு இறங்கியது. "ம்" தொடர்ந்தது. ஆனால் வாரம் ஒன்று மாதம் இரண்டாகி, பேச்சும் சுருங்கிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என் கடையில் உட்கார்ந்து, அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போவார். வெயில் ஏறிய பிறகு அந்தச் சந்தில் அவர் தனியாக நடந்து போவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

பிறகு ஒரு நாள் மகன் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"சிஸ்டர், உண்மையச் சொல்லுங்க. அம்மாவுக்கு ஞாபகம்லாம் ஒழுங்கா இருக்கா?"

"என்னைவிட நல்லா இருக்கு சார்."

"அப்புறம் ஏன் எதச் சொன்னாலும் ம்முங்கிறாங்க? நல்லது சொன்னாலும் ம்தான். நான் அழுதாக்கூட ம்தான் சிஸ்டர். முதல்ல கோவமா வந்துச்சு. இப்ப பயமா இருக்கு. தனியா வுடக் கூடாதுன்னு தோணுது." அலங்காநல்லூர் ரோட்டில் முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வீட்டை விற்றுவிட்டு அம்மாவை அங்கே சேர்த்துவிட்டுப் போவதாக முடிவு. அம்மாவிடம் சொன்னாராம். அதற்கும் "ம்" என்றாராம்.

கடையை இழுத்துச் சாத்திவிட்டு நேராக ஆபீஸம்மா வீட்டுக்குப் போனேன்.

அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். இல்லம், வீடு விற்பது, ஞாபகம் போய்விட்டது என்று மகன் நினைப்பது. "எல்லாத்துக்கும் காரணம் அந்தச் செவிட்டுக் காதும்மா. வலது காதுல வச்சு நாலு வார்த்த ஒழுங்காப் பேசுங்க. அம்புட்டுதான். ஒங்க வீடு ஒங்களுக்கு."

கீரை உருவுவது நின்றது. அந்த வீடு அவரும் அவருடைய வீட்டுக்காரரும் லோன் போட்டுக் கட்டியது. வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, தனியாளாக அடைத்து முடித்தவர். ஆனால் அவர் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அழுதான்னா சொன்ன? எப்ப அழுதான்?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? ஒங்ககிட்டதான் அழுதிருக்காரு."

முறத்தைத் தள்ளி வைத்தார். பிறகு சேலையின் தோள்பக்கம் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் இல்ல. தெரியுமா?"

எனக்குத் தெரியாது. வருடக்கணக்காகப் பார்க்கிறேன், தெரியாது. கட்டி வந்து, இடது மார்பை முழுக்க எடுத்துவிட்டார்களாம். மகன் வெளிநாடு போன புதிதில் நடந்தது. அவனிடம் சின்ன ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்து ஆயாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறார்.

"புண்ணு ஆறிருச்சு. ஒரு நா அவன் போன் பண்ணான். எதார்த்தமா இந்தக் காதுல வச்சேன். காதுலதான் வச்சேன் தாயி. ஆனா பட்டது இங்க." கை அந்த வெறும் பக்கத்துக்கு மேலே, தொடாமல் நின்றது. "இல்லாத எடத்துல. அவன் பேசப் பேசப் போன் அதிருது, அந்த அதிர்வு இங்க வருது. பால் கட்டி, புள்ள வாய் வச்சதும் எளகுமே, அந்த மாதிரி. நான் பயந்து போன வச்சிட்டேன்."

அப்புறம் துண்டால் காது துடைக்கும்போது வந்திருக்கிறது. தலையணையில் காது பட்டால் வந்திருக்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து, செக்கப்புக்குப் போனபோது அங்கிருந்த சின்ன வயது லேடி டாக்டரிடம் மெல்லக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சிரிக்கவில்லையாம். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாளாம்.

"ஒடம்புல ஒவ்வொரு எடத்துக்கும் மூளைக்குள்ள ஒரு எடம் இருக்காம். மாருக்கு ஒண்ணு, காதுக்கு ஒண்ணு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து மனையாம். மார எடுத்துட்டாங்க, ஆனா உள்ள இருக்கிற மனை அப்படியே கெடக்குதுல்ல. நம்ம தெருவுல காலி மனை கெடந்தா பக்கத்து வீட்டுக்காரன் கொடி கட்டித் துணி காயப் போடுறான்ல, அந்த மாதிரி காது அங்க போயிருச்சாம். காதுல பட்டா மூளை மாருன்னு நெனச்சுக்குதாம். வயசானவங்களுக்கும் மூளை இப்படி எடம் மாத்திக்குமாம். வியாதி இல்ல, பயப்படாதீங்கன்னுச்சு. நாளாக நாளாக மாறலாம், போயும் போகலாம்னுச்சு. அப்பத்தான் எனக்கு பயமே வந்துச்சு."

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அவன் கைப்புள்ளையில எடது பக்கந்தான் குடிப்பான். வலது பக்கம் வச்சா திமிருவான். குடிக்கிறப்ப ஒரு கையால இந்தக் காதப் பிடிச்சுக்குவான். தோடு கெடந்தா இழுத்து அழுவான். அவன் வளர்ற வரைக்கும் இந்தக் காதுல நான் தோடு போட்டதே இல்ல." கொஞ்சம் சிரித்தார். "இந்த வீட்ல என்னத் தொடுறது சோப்பும் துண்டுந்தான். யாரு இருக்கா? நானே காதத் தொட்டாலும் அங்க வரும், இல்லங்கல. ஆனா அது சும்மா. அவன் கொரலோட வந்தாத்தான் அவன். நல்லாருக்கியா, சாப்பிட்டியான்னுதான பேசப் போறான், கேட்டா என்ன கேக்காட்டி என்னன்னு இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெரிய ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்த அன்று அவர் முகம் தளர்ந்தது ஞாபகம் வந்தது. அவர் என்னை அழ விடவில்லை. கீரையை அள்ளி என் மடியில் போட்டு, "உருவு" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் பூசைக்குப் போய்விட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த முறை அவரே மகனுக்கு மிஸ்டு கால் கொடுத்தார். போன் அடித்தது. கை பழக்கத்தில் திருகாணிக்குப் போயிற்று. தொட்டது. கழற்றாமலே கை கீழே வந்துவிட்டது. முதல் மணியிலேயே எடுத்து வலது காதில் வைத்தார்.

"சொல்லுப்பா... ஆமா, நாந்தான்... நல்லாக் கேக்குது... நீ சொல்லு."

நான் டிஸ்ப்ளே ஒட்டுவது மாதிரி குனிந்துகொண்டேன். மகன் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. அம்மா பேசியது மட்டும்தான் கேட்டது.

"நீ அழுதியாமே. எப்பப்பா?... யாரு போயிட்டா?... எப்ப?" குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "தனியாவா இருக்க? இத்தன நாளும் தனியாவா?... என்கிட்டயா சொன்ன?... நான் என்னப்பா சொன்னேன்?"

ரோட்டில் பரவை மார்க்கெட்டுக்குப் போகிற லோடு வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகும் வரை அவர் காத்திருந்தார்.

"ம்... சாப்பிட்டியான்னா கேட்டேன்?"

மருமகள் பிரிந்து போய் ரொம்ப நாளாகியிருக்கிறது. மகன் அன்றே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், அழுதிருக்கிறார். இந்தப் பக்கம் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளை வந்து ஒட்டிக்கொண்ட சந்தோஷத்தில் "ம்" கொட்டியிருக்கிறார். அம்மாவும் கைவிட்டுவிட்டாள் என்று அவர் அங்கே ஒற்றை அறைக்குள் இருந்திருக்கிறார். ஆளுக்கொரு மூலையில் இரண்டு பேரும் தனியாக இருந்துகொண்டு, வாரா வாரம் போனில் பேசிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். ரசத்துக்குப் புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்பது வரைக்கும் பேச்சு போனது. திட்டினார், சிரித்தார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பேசுவானா தாயி இவன்? எனக்குத் தெரியவே தெரியாது."

"இனிமே இப்படியே பேசுங்கம்மா."

"பேசத்தான் வேணும். அந்தக் காதுக்குப் பேச்சு வராது, இந்தக் காதுக்குப் பிள்ள வரமாட்டான். அதுக்காக அவன அங்க அழ வுட்டுட்டு நான் இங்க சொகமா இருக்க முடியுமா?" எழுந்து சேலையைச் சரிசெய்தார். "சரி. அடுத்து?"

அதற்கப்புறம் மகன் கூப்பிடும்போது அந்தத் தோடு இறங்கவே இல்லை. மகன் தினமும் கூப்பிட ஆரம்பித்தார். டேப்புக்கும் மறுபடி உயிர் வந்தது. முதியோர் இல்லத்துப் பேச்சு நின்று போனது. தெருவில் எல்லாரும் ஆபீஸம்மா இப்போதுதான் மகனிடம் நன்றாகப் பேசுகிறார் என்று சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பேசி முடித்த பிறகு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கை தானாக இடது காதுக்குப் போகும், மடலைப் பிடித்துப் பார்க்கும், மடிக்குத் திரும்பும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தப் பட்டன் போனைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முதன்முதலாக வந்த அன்று சொன்ன அதே வார்த்தை. "இதுல சத்தம் பத்தல. என்னன்னு பாரு."

நான் கழற்றவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. "காதுல வைங்கம்மா" என்றேன். தோட்டைக் கழற்றி வைத்தார். என் போனிலிருந்து கூப்பிட்டு, உள்ளே திரும்பி நின்று, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். ரீசார்ஜ் பிளான்களை ஒப்பித்தேன். போன் அவர் கையில் அதிர்வது எனக்கே கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணை மூடி, எதையோ தேடுகிற மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

"தூரமாயிருச்சு," என்றார். "முந்தி இங்கன இருக்கும். இப்ப எங்கியோ எட்டத்துல இருக்கு. டாக்டரு சொன்னுச்சுல்ல, அதான்." பிறகு அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். "நீ பேசுனதால இருக்கும். அவன் வரட்டும்."

மகன் கிறிஸ்துமஸுக்கு வந்தார். வீட்டு வாசலில் ஸ்டார் தொங்கியது, ஹாலில் குடில் வைத்தார்கள். அம்மாவும் மகனும் பூசைக்குச் சேர்ந்து நடந்து போனதைச் சந்தே எட்டிப் பார்த்தது. ஆபீஸம்மா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் பரிமாறப் பரிமாற மகன் ஓயாமல் பேசினார். ஆபீஸம்மா மகனுக்கு வலது காதைக் காட்டி உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். வளர்ந்த ஆண்பிள்ளை, நாற்பதை நெருங்கியவர். நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளை அம்மாவைத் தொட்டுப் பேசுவது எங்கே? சாப்பாட்டுத் தட்டு வாங்கும்போது விரல் பட்டால் உண்டு. அந்த விடுமுறை முழுக்க அவர் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தார், தொடவே இல்லை. ஆபீஸம்மா கேட்கவும் இல்லை. கேட்கிற விஷயமா அது?

கிளம்புகிற அன்று மத்தியானம் ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வந்து நின்றது. மகன் என்னிடம் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த சார்ஜரைத் திருப்பிக் கொடுக்க நானும் போயிருந்தேன். பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது காது வெறுமையாக இருந்தது. ஒரு கை மூடியிருந்தது.

மகன் வந்து, "வாரேம்மா" என்றார். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது அவர்கள் வழக்கம். அம்மா பெருவிரலால் போட்டார். மகன் திரும்பினார். டாக்ஸிக் கதவு வரைக்கும் போனார். என்ன நினைத்தாரோ, திடீரென்று ஓடி வந்து, குனிந்து, அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவ்வளவு உயரமான ஆள், முகத்தை அம்மாவின் இடது தோளில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கன்னம் அந்தக் காதை ஒட்டி அழுந்தியிருந்தது. டிரைவர் வேறு பக்கம் பார்த்தார். ஆபீஸம்மா கண்ணை மூடினார். மூடியிருந்த கை அப்படியே எழுந்து, மகனின் பின்தலையைத் தாங்கிக்கொண்டது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரட்டும் சாமி, வந்துவிடட்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

வண்டி சந்து முனையில் திரும்பி, திண்டுக்கல் ரோட்டுச் சத்தத்தில் கலந்தது. அதுவரைக்கும் அவர் வலது காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"மாட்டி வுடு தாயி."

துப்பட்டாவால் அந்தக் காதைத் துடைத்துவிட்டேன். தோட்டை வைத்தேன். திருகாணி எனக்கும் வழுக்கியது. திருகிக்கொண்டே, "வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். பதில் இல்லை. செவிட்டுக் காதில் கேட்டிருக்கிறேன். மாட்டி முடித்துச் சுற்றி வந்து, அந்தப் பக்கம் நின்று மறுபடி கேட்டேன்.

"வந்துச்சாம்மா?"

அவர் சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதான்ல, காது நனைஞ்சிருச்சு," என்றார். "காது மட்டுந்தான் தாயி நனைஞ்சுது."